பழைய ஆர்டி 350-ஐ ரேஸ் டிராக்குக்குத் தயார் செய்வது எப்படி

டூ-ஸ்ட்ரோக் ரேஸ் என்றதும் அந்தக் காலத்து ஆட்களுக்கு முதலில் மூக்கில் ஏறுவது விளக்கெண்ணெய் கருகும் வாசனைதான். சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் அந்த வாசனையைப் பிடித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1990-ல் ரேஸ் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. ஆனால் ராஜ்தூத் 350 என்ற பெயரில் எஸ்கார்ட்ஸ் 1983-ல் கொண்டுவந்த யமஹா ஆர்டி 350 ஷெட்டுகளில் இன்னும் மிச்சம் இருக்கிறது. அதைத் தூசி தட்டி, பழைய வண்டிகளுக்கான ஓட்டத்திலோ டிராக் நாளிலோ இறக்க நினைப்பவர்களுக்கான குறிப்பு இது.

இந்த வண்டியை ஏன் இவ்வளவு பேர் கொண்டாடுகிறார்கள் என்பதற்கு ஒரு கணக்கு போதும். போர் (சிலிண்டரின் விட்டம்) 64 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 54 மி.மீ., 347 சிசி. யமஹாவின் ரேஸ் வண்டிகளான டிஆர்3-க்கும் டிஇசட்350-க்கும் இதே அளவுதான். டேடோனா 200 பந்தயத்தை 1972-ல் டான் எம்டேவும் 1973-ல் பின்லாந்துக்காரர் யார்னோ சாரினெனும் ஜெயித்தது 350 சிசி யமஹாக்களில். எதிரில் நின்றவை 750 சிசி வண்டிகள். நம் ஊர் ஆர்டி அந்தக் குடும்பத்தின் ஏர்-கூல்டு தம்பி. நம்மிடம் வந்தபோது மூச்சு கொஞ்சம் அடைக்கப்பட்டது: முதலில் வந்த எச்டி (ஹை டார்க்) 30.5 பிஎச்பி, பின்னால் வந்த எல்டி (லோ டார்க்) 27. ஜப்பானில் விற்றது 39.

அந்த 39-ஐத் துரத்தித்தான் பலர் இன்ஜினைக் கெடுக்கிறார்கள். வாங்கின மறுவாரமே போர்ட்டை (சிலிண்டர் சுவரில் உள்ள வாய்களை) அரத்தால் தேய்ப்பது, எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்ற வயிறு பருத்த ரேஸ் சைலன்ஸர் மாட்டுவது, ஃபில்டரைக் கழற்றி வீசுவது. இரண்டாவது லேப்பில் ஜாம். முதலில் இன்ஜினுக்குள் வேண்டாத காற்று புகாமல் அடைக்க வேண்டும். அப்புறம் நெருப்பு விழும் நேரம். அப்புறம் ஜெட், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை. பவர் கடைசி. இந்த வரிசையை மாற்றினால் செலவு இரட்டிப்பாகும்.

கிராங்க்

இருபது வருடம் நின்ற வண்டி என்றால் உதைத்துப் பார்க்காதீர்கள். உள்ளே துருப்பிடித்த பேரிங் கிராங்க் பின்னையும் சேர்த்துத் தின்றுவிடும். கேஸைப் பிரித்து, கிராங்கை வெளியே எடுத்து, இரண்டு வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜ் (நூலிழை அசைவையும் ஊசியில் காட்டும் அளவி) காட்டுங்கள். முனைகளில் ஆட்டம் 0.03 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. கனெக்டிங் ராடின் மேல் முனையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புதிதில் ஒரு மி.மீ.க்குள் இருக்கும், 2 மி.மீ. தாண்டினால் ராடு கிட் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

இது பல துண்டுகளை அழுத்திச் சேர்த்த கிராங்க். பவர் ஏறினால் கிராங்க் பின் வழுக்கி, 180 டிகிரியில் நிற்க வேண்டிய இரண்டு பக்கமும் கோணம் மாறிவிடும். டிராக்குக்குப் போகும் கிராங்கில் பின் முனைகளில் சின்னதாக ஒரு பொட்டு வெல்டிங் வைப்பது வழக்கம். வெல்டிங் வைத்த பிறகு மறுபடி டயல் கேஜ் பார்க்காமல் கேஸை மூடாதீர்கள்.

கேஸ் பிரிந்திருக்கும்போதே இரண்டு ஓரத்து ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். பார்க்க நன்றாக இருக்கிறது என்று விடக் கூடாது. ரப்பர் கெட்டிப்படுவது கண்ணுக்குத் தெரியாது.

காற்று சோதனை

அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் வேலை இதுதான். ஜாம் ஆவதற்கு முக்கியமான காரணமும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை கிராங்க் கேஸ் வழியாகத்தான் போகிறது, ஆயிலும் அதோடுதான். ஒரு சீலோ கேஸ்கெட்டோ காற்றை உள்ளே இழுத்தால் கலவை மெலிகிறது, ஆயிலும் குறைகிறது. பிஸ்டன் சூடேறிப் பருத்து, சிலிண்டரைப் பிடித்துக்கொள்கிறது. இதற்குப் பெரிய ஜெட் போட்டுச் சமாளிக்கப் பார்ப்பது வீண், ஏனென்றால் ஓட்டை த்ராட்டிலுக்கு ஏற்ப அளந்து காற்றை விடுவதில்லை.

தேவையானவை: எக்ஸாஸ்ட் வாய்களை அடைக்க நட்டு இறுக்கினால் விரியும் ரப்பர் கார்க் இரண்டு, கார்புரேட்டர் உட்காரும் ரப்பர் வாய்களுக்கு லேத்தில் கடைந்த நைலான் கட்டை இரண்டு, அதில் ஒன்றுக்கு நடுவில் துளை போட்டு நிப்பிள், ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் பல்பும் மீட்டரும். டயர் பம்பு வேண்டாம், அதன் அழுத்தம் புது சீலையே பிதுக்கிவிடும். பிரஷர் கருவியின் மீட்டரில் 300 காட்டும் இடம் சுமார் 6 பிஎஸ்ஐ. நமக்கு வேண்டியதும் அதே.

எல்லா வாய்களையும் அடையுங்கள். இன்ஜினுக்குத் தானாக ஆயில் ஊட்டும் ஆட்டோலூப் பம்பிலிருந்து வரும் சின்ன ஆயில் குழாய்களின் நுழைவாயையும் அடைக்க வேண்டும். இரண்டு மேனிஃபோல்டையும் (கார்புரேட்டர் உட்காரும் அந்த ரப்பர் வாய்கள்) இணைக்கும் ரப்பர் குழாய் உங்கள் வண்டியில் இருந்தால் அதன் முனைகளை நன்றாகப் பாருங்கள், வெடிப்பு அங்கேதான் விழும். ஸ்பார்க் பிளக்குகள் இறுக்கமாக இருக்கட்டும். மெதுவாக அடித்து 300-க்குக் கொண்டுவந்து, பல்பின் திருகை மூடிவிட்டு, ஆறு நிமிடம் பொறுங்கள். நிமிடத்துக்கு 50 அளவுக்கு மேல் இறங்கினால் அந்த இன்ஜினை ஓட்டாதீர்கள். நன்றாகக் கட்டிய இன்ஜின் ஆறு நிமிடத்திலும் சேர்த்தே அவ்வளவு இறங்காது.

ஒரு பிஸ்டன் மேலே இருந்தால் மற்றது கீழே இருக்கும் இன்ஜின் இது. அதனால் கிராங்கை அரைச் சுற்று திருப்பி, இரண்டு நிலையிலும் சோதிக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கத்து ஹெட் கேஸ்கெட் சோதனையிலிருந்து தப்பிவிடும்.

இறங்கினால் ஓட்டையைத் தேடிப் பிடிக்க வேண்டும். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவுங்கள்: சிலிண்டர் அடி, ஹெட் சேரும் இடம், மேனிஃபோல்டு, பிளக் அடி, கேஸ் இரண்டும் சேரும் கோடு. இடது பக்கம் ஜெனரேட்டரைக் கழற்றினால் சீல் நேராகத் தெரியும். வலது சீல் கிளட்ச் பக்கம், ஆயிலுக்குள் இருப்பதால் தெரியாது. அதற்கு ஒரு குறுக்கு வழி: கியர்பாக்ஸின் மூச்சுக் குழாயில் சோப்பு நுரையை வையுங்கள். நுரை உப்பிக்கொண்டே வந்தால் வலது சீல் போயிருக்கிறது, அல்லது உள்ளே கேஸ் சேரும் இடம் ஒழுகுகிறது.

ஓடும் வண்டியிலும் இதற்கு அடையாளம் உண்டு. த்ராட்டிலை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்காமல் தொங்கினால், ஐடிலிங் தானாக ஏறினால், இடது சீலையோ மேனிஃபோல்டையோ சந்தேகப்படுங்கள். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, வலது பிளக் மட்டும் நனைந்து, கியர் ஆயில் குறைந்துகொண்டே போனால் அது வலது சீல்.

போரும் பிஸ்டனும்

ரீபோர் செய்பவரிடம் (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குபவரிடம்) வெறும் சிலிண்டரைக் கொடுத்து "0.50 போடுங்க" என்று சொல்லாதீர்கள். பிஸ்டனையும் சேர்த்துக் கொடுங்கள். கடையில் கிடைக்கும் கிட்டுகளில் ஒரே அளவு அச்சிட்ட இரண்டு பிஸ்டன் கூட ஒத்துவருவதில்லை. ஒவ்வொன்றையும் பாவாடைப் பகுதியில் அளந்து, அதனதன் சிலிண்டரை அதற்கேற்ப ஓட்ட வேண்டும். யமஹா சொல்லும் இடைவெளி 0.040 - 0.045 மி.மீ. ரோட்டுக்கு அது சரி. டிராக்குக்கு, அதுவும் வெளிச்சந்தை பிஸ்டன் என்றால், 0.05 முதல் 0.06 வரை விடுவது நல்லது. குளிரில் கொஞ்சம் தட்டும் சத்தம் வரும், பயப்பட வேண்டாம்.

ரீபோர் முடிந்ததும் போர்ட்களின் ஓரங்கள் கத்தி மாதிரி நிற்கும். சின்ன அரத்தாலோ எமரி சுற்றிய குச்சியாலோ எல்லா ஓரத்தையும் அரை மி.மீ. அளவுக்கு மழுக்க வேண்டும். விட்டுவிட்டால் ரிங் சிக்கி உடையும். ரிங்கை சிலிண்டருக்குள் நேராக வைத்து வாய் இடைவெளி பாருங்கள், 0.2 - 0.4 மி.மீ. பிஸ்டன் மேல் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம். சர்க்ளிப் எப்போதும் புதிது. அதன் வாய் நேர் மேலோ நேர் கீழோ பார்த்து இருக்கட்டும். பக்கவாட்டில் வைத்தால் அதிர்வில் கழன்று வந்து சிலிண்டரைக் கீறும்.

ஹெட்டை மூடும் முன் 2 மி.மீ. ஈயக் கம்பியை (சால்டரிங் கம்பிதான்) பிஸ்டனையும் ராடையும் கோக்கும் பின் இருக்கும் திசையில் இரண்டு ஓரத்திலும் வைத்து, ஹெட் இறுக்கி, கிராங்கை ஒரு சுற்று சுற்றி எடுங்கள். நசுங்கிய தடிமன் 1 மி.மீ. சுற்றி இருந்தால் அருமை. 0.8-க்குக் கீழே போனால் தடிமனான கேஸ்கெட் போடுங்கள். ஹெட் நட்டுகளைக் குறுக்காக, மூன்று தவணையில், 2.2 - 2.5 கிலோகிராம்-மீட்டர் டார்க்குக்கு இறுக்க வேண்டும்.

டைமிங்

பாயின்ட் (பிளக்கில் நெருப்பு விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் சின்ன சுவிட்ச்) வண்டி என்றால் முதலில் பாயின்ட் இடைவெளி: அதிகபட்சமாகத் திறக்கும் இடத்தில் 0.30 - 0.40 மி.மீ. அதற்குப் பிறகுதான் டைமிங். இதைத் தலைகீழாகச் செய்தால் ஒன்றைத் திருத்தும்போது மற்றது கலைந்துகொண்டே இருக்கும்.

பிளக் துளையில் டயல் கேஜ் திருகி, பிஸ்டன் உச்சியில் ஊசியைப் பூஜ்யம் ஆக்குங்கள். கிராங்கைப் பின்னால் 4 மி.மீ. வரை கொண்டுபோய், இன்ஜின் ஓடும் திசையிலேயே மெதுவாக முன்னேற்றுங்கள். உச்சிக்கு 2.0 மி.மீ. முன்பு பாயின்ட் பிரிய வேண்டும். மல்டிமீட்டரின் பீப் சத்தம் மாறும் நொடிதான் அது. பெரிய தட்டில் நேராக உட்கார்ந்த பாயின்ட்டை முதலில் தட்டையே திருப்பிச் சரி செய்யுங்கள். அடுத்த சிலிண்டரை அதன் சின்னத் தட்டில் மட்டும் திருத்துங்கள். இரண்டுக்கும் 0.05 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வேண்டாம்.

சீக்கிரம் நெருப்பு விழுந்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை. தாமதமானால் சூடு எக்ஸாஸ்ட் பக்கம் போய் வண்டி சோம்பும். பாயின்ட்டின் ஃபைபர் கால் தேயத் தேய டைமிங் தானாகவே தாமதம் ஆகும்; ஆகவே ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்பும் பார்க்க வேண்டிய வேலை இது. பேட்டரி இக்னிஷன் என்பதால் சோர்ந்த பேட்டரியோடு டிராக்குக்குப் போனால் மேல் ஆர்பிஎம்மில் நெருப்பு தவறும். அதை ஜெட் கோளாறு என்று நினைத்து நாள் பூராவும் கார்புரேட்டரைக் கழற்றுகிறவர்கள் உண்டு.

பிளக் ரோட்டுக்கு என்ஜிகே பி8எச்எஸ், டிராக்குக்கு ஒரு படி குளிர்ந்த பி9எச்எஸ். இடைவெளி 0.5 - 0.6. கடைக்காரர் பி8இஎஸ் எடுத்துக் கொடுத்து "இதுவும் சேரும்" என்பார். சேராது. எச் என்றால் மரை நீளம் 12.7 மி.மீ., இ என்றால் 19. நீளமானது பிஸ்டனில் இடிக்கும்.

பெட்ரோல், ஆயில், ஜெட்

ரேஸ்காரர்கள் ஆட்டோலூப் பம்பைக் கழற்றிவிட்டு டேங்கிலேயே ஆயில் கலந்தார்கள். நல்ல சிந்தெடிக் டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்றால் 30-க்கு 1 போதும்: 5 லிட்டர் பெட்ரோலுக்கு 167 மி.லி. பயத்தில் "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று ஊற்றினால் பலன் எதிராகப் போகலாம். ஜெட் வழியாகப் போகும் திரவத்தில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோல் குறைகிறது, கலவை மெலிகிறது. ஆயில் அளவை மாற்றினால் ஜெட்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.

வாசனைக்காக விளக்கெண்ணெய் ரேஸ் ஆயில் போட ஆசை என்றால் போடலாம். மருந்துக் கடை விளக்கெண்ணெய் இல்லை, பிசின் நீக்கிய ரேஸிங் ஆயில். அதிகச் சூட்டில் அது பிஸ்டனை நன்றாகவே காப்பாற்றும். பதிலுக்கு ரிங் பள்ளங்களில் பழுப்பு நிற வார்னிஷ் படிய வைக்கும், நின்ற கலவையில் பிரிந்து அடியில் தங்கும், மினரல் ஆயிலோடு சேர்ந்தால் கொழகொழத்துப் போகும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்த்து, மாலையில் டேங்கையும் ஃப்ளோட் பௌலையும் காலி செய்ய வேண்டும். வாசனைக்கு விலை அவ்வளவு.

20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய இ20 பெட்ரோல் அந்தக் காலத்து வண்டிக்குப் புதுத் தலைவலி. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும்; இ20-க்கு சுமார் 13.5 போதும். அதாவது அதே ஜெட்டில் வண்டி 8 சதவீதம் போல மெலிந்து ஓடும். பழைய மேனுவலில் உள்ள மெயின் ஜெட் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். பழைய ஃப்ளோட் ஊசி, பெட்ரோல் குழாய்களையும் மாற்றுங்கள். அழகுக்காக வாங்கிய ஃபைபர் கிளாஸ் ரேஸ் டேங்கை எத்தனால் கரைக்கும். பிசின் கரைந்து வந்து ஜெட்டை அடைக்கும். உள்ளே எத்தனால் தாங்கும் பூச்சு இல்லாத ஃபைபர் டேங்கில் பம்ப் பெட்ரோல் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

கார்புரேட்டரில் எந்த இடத்தில் எது பேசுகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. த்ராட்டில் திறக்கத் தொடங்கும்போது பைலட் ஜெட், எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் வரை ஸ்லைடின் வெட்டு, கால் முதல் முக்கால் வரை ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட். ஊசியின் கிளிப்பைக் கீழ்ப் பள்ளத்துக்கு இறக்கினால் ஊசி உயரும், கலவை கனமாகும். த்ராட்டில் பிடியில் வெள்ளை டேப் ஒட்டி கால், அரை, முக்கால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கோட்டில் திக்குகிறது என்று பார்த்து அந்தப் பாகத்தை மட்டும் தொடுங்கள். இரண்டு ஸ்லைடும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும்: இரண்டு கார்புரேட்டர் வாயிலும் விரல் வைத்தபடி இன்னொருவரை மெதுவாகத் திருகச் சொன்னால் எது முந்துகிறது என்று விரலுக்கே தெரியும்.

மெயின் ஜெட் எப்போதும் பெரியதிலிருந்து சின்னதுக்கு. மூன்று நான்கு எண் பெரிதாகப் போட்டு, மேலே வண்டி திணறுவதைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு எண்ணாக இறக்குங்கள். கனமான கலவை பிளக்கை நனைக்கும், மெலிந்த கலவை பிஸ்டனைத் தின்னும். பிளக் எவ்வளவு, பிஸ்டன் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிளக் படிப்பது: சூடான இன்ஜினில் புது பிளக் மாட்டி, நீண்ட நேர்ச்சாலைப் பகுதியில் முழு த்ராட்டிலில் போய், த்ராட்டிலை மூடாமலே கிளட்ச்சைப் பிடித்து அதே நொடியில் கில் சுவிட்சை அடியுங்கள். டிராக்கை விட்டு ஓரமாக உருண்டு நில்லுங்கள். ஐடிலிங்கில் ஓட்டிக்கொண்டு பிட்டுக்கு வந்தால் நீங்கள் படிப்பது ஐடிலிங் கலவையை. பீங்கானின் நுனியைப் பார்த்து ஏமாறாதீர்கள், அடி ஆழத்தில் உலோகத்தைத் தொடும் இடத்தில் ஒரு பழுப்பு வளையம் இருக்க வேண்டும். அங்கே வெள்ளையாக இருந்தால் உடனே ஜெட் ஏற்றுங்கள். பீங்கானில் மிளகுப் பொடி தூவியது போலவோ வெள்ளி மணிகள் போலவோ புள்ளிகள் தெரிந்தால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. அந்த வெள்ளி, பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம்.

பிரேக்

இந்திய ஆர்டிக்கு முன்னால் 7 அங்குல டிரம், இரண்டு ஷூவும் முன்னோடிப் பிடிக்கும் வகை. திட்டு வாங்கிய பிரேக் இது. பாதிக்குப் பாதி சரியாக அமைக்காததால் வந்த கெட்ட பெயர். இரண்டு லீவரையும் இணைக்கும் கம்பியைத் தளர்த்தி, முதல் ஷூ டிரம்மைத் தொடும் வரை லீவரை அழுத்திப் பிடித்து, இரண்டாவதும் தொடும் அளவுக்குக் கம்பியின் நீளத்தைச் சரி செய்யுங்கள். அச்சு நட்டை இறுக்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே இறுக்கினால் ஷூ நடுவில் உட்காரும். அப்படியும் அதிகச் சூட்டில் பிடி குறையும். பிரேக் புள்ளியை முன்னாலேயே வையுங்கள். த்ராட்டிலை மூடினால் இன்ஜினே வேகத்தைக் குறைக்கும் என்று (இன்ஜின் பிரேக்கிங்) நம்பவே வேண்டாம், டூ-ஸ்ட்ரோக்கில் அது குறைவு. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் வளர்ந்த இத்தாலிய ரேஸ் வீரர் அகோஸ்டினி 1974-ல் யமஹாவுக்கு வந்தபோது அவருக்கும் இதே மாற்றம்தான். அவருடைய 15 உலகப் பட்டங்களில் கடைசி இரண்டும் யமஹாவில் வந்தவை.

டயரின் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள் (முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்). ஆறு வருடம் தாண்டியதை டிராக்குக்குக் கொண்டுபோகாதீர்கள். ஸ்விங் ஆர்ம் புஷ் பிளாஸ்டிக் என்றால் வெண்கலத்தில் கடைந்து போடுங்கள். வடிகால் போல்ட், ஆயில் மூடி இரண்டுக்கும் கழன்று விடாமல் கட்டும் லாக் வயர்.

தள்ளி ஸ்டார்ட் செய்வதும், ஓட்டுவதும்

உலகப் போட்டிகளில் 1986 வரை ஓட்டுநர்களே வண்டியைத் தள்ளித்தான் கிளப்பினார்கள். ஆர்டியில் செய்ய: இரண்டாவது கியரில் கிளட்ச் பிடிக்காமல் வண்டியைப் பின்னால் இழுங்கள், கம்ப்ரஷனில் முட்டி நிற்கும். அப்போது கிளட்ச்சைப் பிடித்து, கால் த்ராட்டிலில் நான்கைந்து எட்டு ஓடி, இடுப்பைப் பக்கவாட்டில் சீட்டில் போடும் அதே நொடியில் கிளட்ச்சை விடுங்கள். சக்கரத்தில் பாரம் விழாமல் விட்டால் டயர் வழுக்கும். பிடித்ததும் உடனே கிளட்ச்.

முதல் இரண்டு லேப் பாதி த்ராட்டிலுக்கு மேல் போகாதீர்கள். பிஸ்டன் சூடேறும் வேகத்துக்குச் சிலிண்டர் ஈடு கொடுக்காது. குளிரில் முறுக்கினால் நான்கு மூலையிலும் கீறல் விழும். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் மெலிந்த கலவை. ஒரு சிலிண்டர் மட்டும் போயிருந்தால் அந்தப் பக்கத்து சீலை மறுபடி சோதியுங்கள். பிஸ்டன் ஓரம் எலி கடித்த மாதிரி இருந்தால் டைமிங்.

கலந்த பெட்ரோலில் ஓடும் வண்டிக்கு ஆபத்தான இடம் நேர்ச்சாலையின் முடிவு. 7,500 ஆர்பிஎம்மில் த்ராட்டிலை ஒரேயடியாக மூடினால் ஆயிலும் நின்றுவிடுகிறது, கிராங்க் மட்டும் சுற்றுகிறது. மூடும்போதே கிளட்ச்சைத் தொட்டு ஒரு சின்ன முறுக்கு கொடுங்கள். பழைய படங்களில் டூ-ஸ்ட்ரோக் ஓட்டுநர்களின் இடது கையைப் பாருங்கள்: இரண்டு விரல் கிளட்ச் லீவரிலேயே இருக்கும். இன்ஜின் சத்தம் சுருதி இறங்கி, பின்சக்கரம் இழுப்பது போலத் தோன்றினால் யோசிக்க நேரம் கிடையாது. அந்த விரல்கள்தான் காப்பாற்றும். பிடித்தபின் கையைத் தூக்கிக் காட்டி ஓரம் போங்கள். உடனே உதைத்துப் பார்க்க வேண்டாம், ஆறட்டும்.

முதல் நாள் ஓட்டம் முடிந்து இன்ஜின் முழுதாகக் குளிர்ந்த பிறகு ஹெட் நட்டுகளை அதே டார்க்குக்கு இன்னொரு தடவை இறுக்கிவிட்டு, பெட்ரோல் குழாய்த் திருகை மூடி, டேங்க்கைக் காலி செய்து வண்டியை ஏற்றுங்கள்.